மேலே வந்தபின் முப்பது

இரண்டரை நிமிடம் ஆனதும் ராயப்பன் தன் மனைவியின் தோளில் ஒரு தட்டுத் தட்டுகிறார். பாயில் மல்லாந்து படுத்திருக்கும் லூர்துமேரி கண்ணைத் திறக்காமல் வலதுகைச் சுட்டுவிரலை மட்டும் உயர்த்துகிறார். நினைவோடுதான் இருக்கிறேன் என்று அதற்குப் பொருள். விரல் உயராவிட்டால் இன்னொரு தட்டு. அதற்கும் உயராவிட்டால் முகத்தில் ஊதி, பேர் சொல்லிக் கூப்பிட்டு, மூச்சை வாங்கவைக்க வேண்டும். ஓராண்டாக அந்த இரண்டாம் தட்டுக்கு வேலை வந்ததில்லை. இருந்தும் தட்டுக்கும் விரலுக்கும் நடுவே இருக்கும் கண்ணிமைப்பொழுதில் ராயப்பனும் மூச்சு விடுவதில்லை.

மூன்று நிமிடம் ஐம்பது விநாடியில் லூர்துமேரி வாயைத் திறந்து மூச்சை இழுக்கிறார். இழுத்து, சற்றே நிறுத்தி, கொஞ்சமாக விட்டு, மறுபடி இழுக்கிறார். மூன்று முறை இப்படி. பிறகு எழுந்து பாயைச் சுருட்டுகிறார். எவ்வளவு நேரம் நின்றது என்று அப்போது கேட்பதில்லை. சாயங்காலம் கேட்பார், அதுவும் ஞாபகம் வந்தால். வெளியே விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டிய லாரிகள் கியர் மாற்றிக்கொண்டு போகின்றன. மணி காலை ஐந்தே முக்கால்.

சர்வீஸ் ரோட்டில் ஆரோக்கியமாதா மோட்டார் ஒர்க்ஸ் என்று பெயர்ப்பலகை இருக்கும் கடை அவர்களுடையது. முன்னால் கடை, நடுவில் ஒரு துணித்திரை, பின்னால் வீடு. எரிந்துபோன மோட்டாரை ராயப்பன் பிரிப்பார், லூர்துமேரி செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுவார். கிணற்றில் விழுந்துவிட்ட மோட்டாரை மேலே கொண்டுவருவதும் இந்தக் கடையின் வேலைதான். முங்கி முங்கி எடுப்பது ராயப்பன் மட்டும்தான் என்று சுற்றுவட்டாரம் நினைத்துக்கொண்டிருக்கிறது. பாவம், நினைத்துவிட்டுப் போகட்டும்.

லூர்துமேரிக்கு முப்பத்தொன்பது வயது. குள்ளம். நல்ல பருமன். தெருவில் கீரை வாங்கும்போது பார்த்தால், நாலு நிமிடத்துக்குப் பத்து விநாடி குறைவாக மூச்சில்லாமல் இருப்பவர் என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டீர்கள். காயில் கட்டும்போது பார்த்தால் நம்பலாம். சுற்று எண்ணிக்கொண்டிருக்கும்போது யார் வந்து என்ன கேட்டாலும் பதில் வராது. கலெக்டரே வந்து நின்றாலும் அந்த நாற்பத்தெட்டாவது சுற்று முடிந்தபிறகுதான் தலை நிமிரும். "நடுவுல பேசுனா ஒரு சுத்து கொறையும். ஒரு சுத்து கொறைஞ்சா மோட்டாரு சூடாவும். அப்பறம் எம் பேரச் சொல்லித்தானே திட்டுவாங்க" என்பார்.

மூச்சை அடக்குகிறீர்களாமே என்று யாராவது கேட்டால் அவருக்குப் பிடிக்காது. "அடக்குறதுக்கு அது இன்னா மாடா? சும்மா உடாம வெச்சிக்கினு இருக்கறது, அவ்ளோதான்." ஒரு கட்டத்துக்குமேல் வயிறு தானாக எக்க ஆரம்பிக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் அங்கேதான் பதறிப்போவார்கள். அதற்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. "யாரோ வந்து கதவத் தட்டறாங்க. தட்டட்டுமே. ஒடனே ஓடிப்போயித் தொறக்கணும்னு இன்னா இருக்கு?"

பயிற்சிக்குச் சட்டதிட்டம் உண்டு. வெறும் வயிறு, தரை, பாய், பக்கத்தில் ஆள். ஒரு நாளைக்கு ஒரு வேளைதான், அதில் நாலைந்து முறை. ஒரு வாரம் முழுக்க ஒரே அளவு நேரம் மூச்சை வைத்துக்கொண்டு, நடுவில் இளைப்பாறும் நேரத்தை மட்டும் கால் கால் நிமிடமாகக் குறைத்துக்கொண்டே வருவார். அடுத்த வாரம் இளைப்பாறுவதைத் தாராளமாக விட்டு, மூச்சு வைக்கும் நேரத்தைக் கூட்டுவார். தலை லேசாகச் சுற்றினால் அன்றைக்கு அத்தோடு சரி. தண்ணீருக்குள் இந்தக் கூட்டல் கழித்தல் எதுவும் கிடையாது. தரையில் மூன்று ஐம்பது நிற்கிறவர் கிணற்றுக்குள் அறுபது எண்ணுவதற்குள் மேலே வந்துவிடுவார். பிறகு எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டால், "உள்ள போனா அவசரம் இல்லாம இருக்கணும் இல்ல, அதுக்கு" என்பார்.

புருஷனோடு சண்டை போட்ட மறுநாள் பயிற்சி கிடையாது. கோபத்தோடு படுத்தால் பாதி நேரம்கூட நிற்காது என்பது அவர் கண்டுபிடிப்பு. ஆகவே காலையில் பாய் விரிக்கவில்லை என்றால் எதிர்க்கடை டீக்கார சித்ராவுக்கு விஷயம் தெரிந்துவிடும். "இன்னா மேரி, இன்னிக்கு மூச்சு இல்லியா?" என்று அங்கிருந்தே கேட்பார். தெருவே சிரிக்கும். ராயப்பன் ஸ்பேனரைத் தேடுவதுபோல் குனிந்துகொள்வார்.

புயல் அடித்த வருடம்வரை லூர்துமேரிக்கு நீச்சலே தெரியாது. பெஞ்சல் புயல் கொட்டிய கொட்டில் விழுப்புரம் வட்டாரத்துக் கிணறுகள் எல்லாம் வாய்வரை நிறைந்து, உள்மேடையில் இருந்த மோட்டார்கள் முழுகிப்போயின. பனமலைப் பக்கம் சுப்புராயன் என்கிற விவசாயியின் கிணற்றுக்கு இருவரும் போயிருந்தார்கள். மாமூல்படி ராயப்பன் படியில் நின்று மூச்சை ரொப்பினார். ரொப்புவது என்றால், கொல்லன் துருத்திபோல் பதினைந்து இருபது தடவை வேகவேகமாக மூச்சு விட்டு வாங்குவது. தலை கிர்ரென்று ஏறும். அதுதான் பவர் என்பார்கள் கிணற்றில் முங்குகிறவர்கள். முங்கினார், மோட்டாரில் கயிற்றைக் கட்டினார், மேலே வந்தார், படிக்கல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்து, "முடிஞ்சிது, இழுங்க" என்றார்.

கரையில் இருந்த எல்லோரும் மோட்டாரைப் பார்த்தார்கள். அதுதான் தப்பு. சங்கிலி ஏற ஏறச் சுப்புராயன் "ஒயரு பத்திரம், ஒயரு பத்திரம்" என்று கத்திக்கொண்டிருந்தார். லூர்துமேரியும் மோட்டாரைத்தான் பார்த்தார். ஏதோ தோன்றித் திரும்பியபோது படிக்கல்லில் கை இல்லை. ஒரு சலம்பல் இல்லை, சத்தம் இல்லை, ஆளும் இல்லை. நீச்சல் தெரியாத அந்தப் பெண் போட்ட கூச்சலில் டிராக்டர் டிரைவர் அய்யப்பன் குதித்து, முடியைப் பிடித்துத் தூக்கிவந்தார். ராயப்பன் பிழைத்தார். அன்று மோட்டாரைப் பார்த்த தன் கண்ணை லூர்துமேரி இன்னும் மன்னிக்கவில்லை.

காரணத்தைச் சொன்னவர் அலெக்ஸ். புதுச்சேரியில் மூச்சுப்பிடித்துக் கடலில் ஆழம் போகப் பழக்குகிறவர். விக்கிரவாண்டியில் இருக்கும் மாமியார் வீட்டு மோட்டார் எரிந்துபோய், அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். கதையைக் கேட்டதும் ராயப்பனைப் பார்த்து, "அண்ணே, நீங்க மூச்ச ரொப்பல. மூச்சு வேணும்னு ஒடம்பு அடிக்கிற மணியக் கழட்டி வெச்சிட்டு எறங்குறீங்க. மணி அடிக்கறதுக்கு முன்னாடியே மயக்கம் வந்துடும். மேல வந்து அர நிமிஷம் வரைக்கும்கூட வரலாம்" என்றார். ராயப்பன் விழித்தார். லூர்துமேரிதான் பட்டென்று பிடித்துக்கொண்டார். "ஸ்டார்ட்டரு ட்ரிப் ஆவாம இருக்க குச்சி சொருவுற கதைதானே சார் இது? அப்பிடிச் சொருவி எரிச்சிட்டு வர்ற மோட்டாராலதான் எங்க பொழப்பே ஓடுது."

அன்றோடு துருத்தி ஊதுவது நின்றது. அலெக்ஸ் சொன்னபடி இருவரும் டாக்டரிடம் போய் நெஞ்சைக் காட்டிவிட்டு வந்தார்கள். காவல் இல்லாமல் தண்ணீரில் மூச்சு வைக்கக் கூடாது, காவலுக்கு இருப்பவருக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்பது அலெக்ஸின் கட்டளை. ஆகவே முப்பத்தெட்டு வயதில், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு திண்டிவனத்துக்குப் பஸ் ஏறி, ஒரு தனியார் நீச்சல்குளத்தில், ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே லூர்துமேரி கால் உதைத்தார். "எல்லாம் என் இடுப்பு ஒசரம். அதுங்க என்னத் தாண்டித் தாண்டிப் போவுதுங்க. எனக்கு இன்னா வெக்கம்? மூழ்குறவருக்கு நீச்சலு தெரியாத பொண்டாட்டியா இருக்கறதுதான் வெக்கம்."

காவலுக்குப் படித்த படிப்பு அப்படியே முங்குவதற்கும் ஆனது. அலெக்ஸின் படகில் மாதம் ஒருநாள் கடலுக்குப் போகிறார்கள். மிதவையிலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் இறங்கினால் ஒருவர் மேலே காவல். லூர்துமேரி பதினெட்டு மீட்டர் போய்வந்துவிட்டார். ராயப்பன் பத்தில் நிற்கிறார். கடலில் எது பிடித்திருக்கிறது என்று கேட்டால் மீன் என்றோ நீலம் என்றோ சொல்லமாட்டார். "அங்கேர்ந்து எதையும் தூக்கிக்கினு வர வேணாம். அதான்."

இந்த மாசி மாதம் அதே சுப்புராயன் ஆள் அனுப்பினார். கயிறு இற்றுப்போய் நீர்மூழ்கி மோட்டார் கிணற்றின் அடியில் விழுந்துவிட்டது. இரண்டு நாளாகப் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவியதில் ஒரு பழைய குடமும் ஒரு செருப்பும்தான் வந்தன. மேலே மூன்று ஏக்கர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. பூ விட்டு விழுது மண்ணில் இறங்குகிற நேரம். "மண்ணு எளகலன்னா விழுது எறங்காதுப்பா. இன்னும் ரெண்டு நாளு போனா வெறும் கொடிதான்" என்று போனிலும் கெஞ்சினார். ராயப்பனுக்குச் சளி, இரண்டு காதும் அடைப்பு. அந்தக் காதோடு ஆழம் இறங்கினால் செவிப்பறை கிழிந்துவிடும். "நான் எறங்கறேன் மாமா. நீ மேல மெதந்துக்கினு என்னப் பாத்துக்க" என்றார் லூர்துமேரி. அந்தக் கிணற்றின் பெயரைக் கேட்டதிலிருந்து இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. 

கிணறு நாற்பதடி அகலம். தண்ணீர் முப்பதடி. போனவுடன் லூர்துமேரி செய்த முதல் காரியம், கொட்டகைக்குள் நுழைந்து பீஸ்கட்டையைப் பிடுங்கியது. அதை ராயப்பனின் கழுத்தில் கிடந்த மாதா உத்திரியக் கயிற்றோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டார். அது அங்கே தொங்கும்வரை அந்தக் கிணற்றில் கரண்ட் இல்லை. சுப்புராயனுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. "பொம்பளையா எறங்கப் போவுது?" என்றார்.

"அவதாங்க ஐயா. என்னவிட அவளுக்குத்தான் மூச்சு ஜாஸ்தி" என்றார் ராயப்பன்.

லூர்துமேரி சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க மாமியாரு காலத்துல இந்தக் கெணத்துல நாங்க கொடம் உடக் கூடாதாம் பெரியவரே. இப்ப எங்களையே உடுறீங்க. நல்ல காலந்தான்." ராயப்பன் ஐயா என்கிற இடத்தில் இவர் பெரியவரே என்பார். சுப்புராயன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னோரு விஷயம். நான் மேல வந்து படியப் புடிச்சப்பறம் முப்பது எண்றவரைக்கும் யாரும் மோட்டாரப் பாக்கக் கூடாது. என்னத்தான் பாக்கணும். ஒதடு நீலமா ஆவுதா, கண்ணு சொருவுதான்னு."

"என் மோட்டார நான் பாக்கக் கூடாதா?"

"கூடாது. போன தடவ எல்லாரும் அதத்தான் பாத்தோம்."

அவர் கயிறு கட்டுகிறவர்கள் பக்கம் நகர்ந்தார்.

பாரத்துக்குப் பழைய ரோட்டார் ஒன்றைக் கட்டிக் கயிற்றை அடிவரை இறக்கினார்கள். லூர்துமேரியின் இடுப்பில் இன்னொரு கயிறு, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு. அதன் மறுமுனை தண்ணீரில் மிதக்கும் ராயப்பனின் கையில். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் துருத்தியை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். லூர்துமேரியோ மிதவை டியூபின்மேல் கையைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தார். இரண்டு நிமிடம் போயிற்று. மூன்றும் போயிற்று. "இன்னாடா, தூங்கிப்போச்சா?" என்று சுப்புராயன் அய்யப்பனிடம் கேட்டது கிணறு முழுக்க எதிரொலித்தது. மூன்று மணிக்கு மும்முனைக் கரண்ட் போய்விடும் என்கிற கவலை அவருக்கு. மணி ஒன்றரை. லூர்துமேரி ஒரு மூச்சை நிதானமாக இழுத்து, தலையைக் கவிழ்த்து, உள்ளே போனார்.

இரண்டு ஆள் ஆழத்துக்குக் கீழே வெளிச்சம் இல்லை. மூக்கைப் பிடித்துக் காதை விடுவித்துக்கொண்டு, கயிற்றின் வழியே இறங்கினார். காயில் எண்ணுவதுபோலவே உள்ளே எண்ணிக்கை ஓடியது. பதினெட்டில் சேறு. இருபத்தைந்தில் வடக்குச் சுவரோரம் கைக்கு இரும்பு தட்டுப்பட்டது. தடவித் தடவி, அதில் கொக்கி மாட்டும் காது எங்கே என்று கண்டுபிடிக்க நாற்பது ஆகிவிட்டது. கையில் கொக்கி இருந்தது; அதன் கயிறு, கரையில் நட்ட முக்காலியின் சங்கிலியோடு பிணைந்திருந்தது. மாட்டுவதற்கு இன்னும் பத்து எண்ணினால் போதும். உடம்பு தெம்பாக இருந்தது. வயிறுகூட இன்னும் தட்டவில்லை. இன்னும் பத்துதானே என்று ஒன்று உள்ளேயிருந்து சொன்னது. மேலே மூன்று ஏக்கர், இவ்வளவு பேர், பொம்பளையா என்று கேட்ட வாய் என்று அதுவே எடுத்தும் கொடுத்தது. இதே கிணற்றில் ராயப்பனிடமும் இது இப்படித்தான் பேசியிருக்கும் என்று லூர்துமேரிக்குத் தோன்றியது. கொக்கியை மோட்டார் பக்கத்தில் வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்து ஏறினார்.

தெற்குப் படியைப் பிடித்து மூன்று மூச்சு வாங்கினார். "மாட்டியாச்சா?" என்று கரையே கேட்டது. ராயப்பன் அவர் முகத்துக்கு நேரே மிதந்தபடி உதட்டைப் பார்த்து முப்பது எண்ணி முடித்தார். சுட்டுவிரல் உயர்ந்தது. அதற்குப் பிறகுதான் வாய் திறந்தது. "கெடக்குது. வடக்கால செவுத்தோரம். காதக் கண்டுபுடிச்சிட்டேன். அடுத்த தடவ மாட்டிடலாம்."

சுப்புராயனுக்குப் பொறுக்கவில்லை. "கையில புடிச்சிட்டியேம்மா! அப்பிடியே மாட்டிட்டு வர்றதுதானே? இன்னும் பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிருக்குமே!"

"முடிஞ்சிருக்கும். யாரு முடிஞ்சிருப்பாங்கன்னுதான் தெரியாது" என்றார் லூர்துமேரி. "மோட்டாரு எங்கியும் போவாது பெரியவரே. அதுக்குக் காலு இல்ல. ஜல்தி பண்ணுனா எனக்குத்தான் பேஜாரு."

ஐந்து நிமிடம் கட்டாய ஓய்வு. சுப்புராயன் கிணற்றைச் சுற்றி ஒருமுறை நடந்தார். வரப்பில் குனிந்து ஒரு மல்லாட்டைச் செடியின் கிளையைத் தூக்கிப் பார்த்தார். விழுதுகள் காய்ந்த மண்ணைத் தொட்டுக்கொண்டு, உள்ளே போக முடியாமல் நின்றன. திரும்பி வந்து, தெற்குப் படியில் மூன்று கல் இறங்கிக் குந்தினார். அவருக்கு நேர்கீழே, புயல் அடித்த அந்த மார்கழியில் ராயப்பனின் கை இருந்த கல். அதை அவர் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பதறாத காரியம் சிதறாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர்தான் அவரும்.

இரண்டாவது முறை எல்லாம் கணக்காக நடந்தது. பத்தொன்பதில் சேறு, இருபத்திரண்டில் மோட்டார், முப்பத்தொன்றில் கொக்கி காதுக்குள் போய் அமர்ந்தது. லூர்துமேரி அதை ஒருமுறை இழுத்துப் பார்த்து, கையை எடுத்து, ஏறினார். ஐம்பத்திரண்டில் முகம் வெளியே வந்தது. படியைப் பிடித்தார். இழுத்து, நிறுத்தி, கொஞ்சம் விட்டு, மறுபடி இழுத்தார். கொக்கி மாட்டியாயிற்று என்று தலையை மட்டும் அசைத்தார்.

அய்யப்பன் முக்காலியில் தொங்கிய சங்கிலியை இழுக்க ஆரம்பித்தார். எதிர்ச்சுவரோரம் தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறத்தில் குமிழி விட்டது. "வர்து, வர்து!" என்று யாரோ கத்தினார்கள். யாரோ விசிலடித்தார்கள். சேறு ஒழுக ஒழுக மோட்டார் தண்ணீரைவிட்டு வெளியே வந்தபோது, கரையில் இருந்த தலைகள் எல்லாம் வடக்கே திரும்பியிருந்தன.

ராயப்பன் திரும்பவில்லை. அது எதிர்பார்த்ததுதான். லூர்துமேரியின் காதில் இன்னொரு குரலும் விழுந்தது. நெல் அளக்கிறவர்கள் ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்றுதான் முதல் மரக்காலைத் தொடங்குவார்கள். அப்படித்தான் தொடங்கியிருந்தது அந்த எண்ணிக்கை. "லாபம்... ரெண்டு... மூணு..." சுப்புராயன் தன் மோட்டாருக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டு, லூர்துமேரியின் உதட்டையே பார்த்தபடி, ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருந்தார். பின்னால் சங்கிலி கடகடத்தது, மோட்டார் சுவரில் மோதி ஓசை எழுப்பியது. அவர் எண்ணிக்கை தவறவில்லை.

"இருவத்தெட்டு... இருவத்தொம்போது... முப்பது."

முப்பது முடிந்தும் அவர் திரும்பவில்லை. லூர்துமேரி தண்ணீரிலிருந்து கையை எடுத்து, அவரைப் பார்த்துச் சுட்டுவிரலை உயர்த்தினார்.